‘ஹேவிங்’ போட்டு ஆரம்பிக்கும் ஆங்கில வாக்கியங்கள்: முடித்தது யார், முடிந்தது எப்போது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரிப்போர்ட்டில் இப்படி எழுதினேன்: “ஹேவிங் க்ராஷ்ட் ட்வைஸ், தி எஞ்சினியர் ரீஸ்டார்ட்டட் தி சர்வர்.” சர்வர் இரண்டு முறை படுத்துவிட்டது, எஞ்சினியர் அதைத் திரும்பக் கிளப்பினார் என்று சொல்ல நினைத்தேன். படித்த மேலதிகாரி ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்: “எஞ்சினியருக்கு இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?”

அந்த வாக்கியத்தில் ஸ்பெல்லிங் பிழை இல்லை. ஹேவிங்குக்குப் பின் க்ராஷ்ட் வந்ததும் சரி, கமாவும் இடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் ஆங்கிலத்தில் அதைப் படிப்பவருக்கு, இரண்டு முறை விழுந்து நொறுங்கியவர் எஞ்சினியர்தான்.

ஹேவிங் ரிட்டன், ஹேவிங் சீன், ஹேவிங் பீன் டோல்ட் போன்ற அமைப்புக்குப் பெயர் பர்ஃபெக்ட் பார்ட்டிசிபிள். தமிழில் ‘எழுதிவிட்டு’, ‘பார்த்து முடித்து’, சில இடங்களில் ‘சொல்லப்பட்டதால்’ என்று வரும். பார்க்கப்போனால் நமக்கு இது சுலபமாக வர வேண்டும். நாம் நாள் முழுக்க வினையெச்சத்தில்தான் பேசுகிறோம். ஆனால் அந்தப் பழக்கமே சில இடங்களில் காலை வாரிவிடுகிறது. எங்கே என்பதைத்தான் ஒவ்வொரு படியாகப் பார்க்கப்போகிறோம். உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், இந்த விஷயத்தில் காது நல்ல துணை.

முதல் படி: உருவத்தைச் சரியாகப் பிடிப்பது

ஹேவிங்குக்குப் பின்னால் வினைச்சொல்லின் மூன்றாவது வடிவம் வர வேண்டும், அவ்வளவுதான். ஹேவிங் ஃபினிஷ்ட், ஹேவிங் ஈட்டன், ஹேவிங் கான். ஃபினிஷ், வாட்ச், கால் போன்ற சொற்களில் இரண்டாவது வடிவமும் மூன்றாவது வடிவமும் ஒன்றே என்பதால் தப்பு நடக்க வழியில்லை. கோ, சீ, ரைட், டேக் மாதிரியான சொற்களில்தான் ‘ஹேவிங் வென்ட்’, ‘ஹேவிங் சா’ என்று நழுவும். சந்தேகம் வந்தால் ஹேவிங்கை எடுத்துவிட்டு ‘ஐ ஹேவ்’ போட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ஐ ஹேவ் வென்ட்’ காதில் இடறுகிறதா? அப்போது ‘ஹேவிங் வென்ட்’டும் ஆகாது.

எழுவாய் ஒருமையோ பன்மையோ, காலம் எதுவோ, ஹேவிங் மாறாது. ஹேஸ், ஹேட் என்ற தொல்லை இங்கே கிடையாது.

செயப்பாட்டு வினையில் நடுவே ‘பீன்’ வரும். இதை விட்டால் பொருள் தலைகீழாகும். “ஹேவிங் இன்வைட்டட் தெம், ஐ வெயிட்டட்” என்றால் நான் அவர்களை அழைத்தேன். “ஹேவிங் பீன் இன்வைட்டட், ஐ வென்ட்” என்றால் என்னை யாரோ அழைத்தார்கள். தமிழில் ‘கூப்பிட்டதால் போனேன்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம், யார் கூப்பிட்டது என்று நின்று பார்ப்பதில்லை. அந்த அவசரத்தில்தான் பீன் காணாமல் போகிறது. ‘ஹேவிங் பீயிங் இன்வைட்டட்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அப்படி ஒரு வடிவமே இல்லை.

வெகுநேரம் தொடர்ந்து நடந்ததைச் சொல்ல “ஹேவிங் பீன் வெயிட்டிங் ஃபார் டூ அவர்ஸ், ஷி லெஃப்ட்” என்பது உண்டு. எதிர்மறைக்கு ‘நாட்’ முன்னால் நிற்கும்: “நாட் ஹேவிங் ரிசீவ்ட் எ ரிப்ளை, ஐ ஆம் ரைட்டிங் அகெய்ன்.” ‘ஹேவிங் நாட்’ என்றும் பேச்சில் கேட்கலாம், ஆனால் எழுதும்போது நாட்டை முன்னால் வைத்துவிடுங்கள். ‘நெவர்’ மட்டும் இரண்டு பக்கமும் சரளமாக நிற்கும்: நெவர் ஹேவிங் மெட் ஹிம், ஹேவிங் நெவர் மெட் ஹிம்.

ஹேவிங்கைப் பார்த்தாலே இதுதான் என்று நினைத்துவிடவும் கூடாது. “ஹேவிங் டூ சிஸ்டர்ஸ், ஷி நெவர் ஃபெல்ட் அலோன்” என்பதில் ஹேவிங்குக்கு ‘இருப்பது’ என்றுதான் பொருள். பின்னால் மூன்றாவது வடிவம் இல்லை பாருங்கள். “ஹி டினைட் ஹேவிங் டேக்கன் தி மணி” என்பதில் அது பெயர்ச்சொல்லின் வேலையைச் செய்கிறது: எடுத்ததை மறுத்தான். இரண்டும் நம் கணக்கில் வராது.

இரண்டாவது படி: காலம்

ஹேவிங் தனியாக எந்தக் காலத்தையும் காட்டாது. முதன்மை வினை எந்தக் காலத்தில் இருக்கிறதோ, அதற்கு முன்பே இது முடிந்துவிட்டது என்று மட்டும் சொல்லும். “ஹேவிங் லாஸ்ட் தி கீ, ஹி ஸ்லெப்ட் அவுட்சைட்” என்பதில் இரண்டும் நேற்றைய கதை. “ஹேவிங் லாஸ்ட் தி கீ, ஹி கான்ட் கெட் இன்” என்பதில் தொலைத்தது முன்பு, தவிப்பது இப்போது. “ஹேவிங் பாஸ்ட் தி டெஸ்ட், யூ வில் கெட் எ லைசன்ஸ்” என்பதில் இரண்டுமே இனிமேல்தான், தேர்ச்சி முதலில்.

இதனால் ஒரு வசதியும் கிடைக்கிறது. ‘ஐ ஹேவ் ரிசீவ்ட் இட் யெஸ்டர்டே’ என்று எழுதக்கூடாது என்று படித்திருப்போம். ஆனால் ‘ஹேவிங் ரிசீவ்ட் இட் யெஸ்டர்டே’ தாராளமாக வரும். ஹேவிங்குக்கு யெஸ்டர்டேயோடு பகை இல்லை.

அடுத்த கேள்வி, வெறும் ‘இங்’ போதுமா, ஹேவிங் வேண்டுமா என்பது. தமிழைக் கொண்டே சோதிக்கலாம். ‘கொண்டே’ பொருந்தினால் இங். ‘விட்டு’ கட்டாயம் வேண்டுமென்றால் ஹேவிங். “ரீடிங் தி லெட்டர், ஹி கால்ட் ஹிஸ் பிரதர்” என்றால் கடிதத்தைப் படித்துக்கொண்டே தம்பிக்குப் போன் போட்டான் என்று எடுக்க இடமுண்டு. படித்து முடித்த பிறகுதான் என்றால் “ஹேவிங் ரெட் தி லெட்டர்”. (எழுதும்போது ரீட் எழுத்துதான், உச்சரிப்பு மட்டும் ரெட். இந்த ஒரு சொல்லில் கண்ணும் காதும் சண்டை போடும்.)

கொண்டேயும் வேண்டாம், விட்டும் வேண்டாம், வெறும் ‘து’ போதும் என்ற இடங்கள் உண்டு. கவரைப் பிரித்துக் கடிதத்தை வெளியே எடுத்தான். ஒன்றின் குதிகாலில் இன்னொன்று. இதற்கு “ஓபனிங் தி என்வலப், ஹி புல்ட் அவுட் எ லெட்டர்” போதும். ஹேவிங் போட்டால் தப்பில்லை, ஆனால் கவரைப் பிரித்த பிறகு ஒரு டீ குடித்துவிட்டு வந்து எடுத்த மாதிரி இடைவெளி விழும்.

ஏற்கெனவே இருந்து, இன்னும் தொடர்கிற நிலைக்கு ஹேவிங் ஒட்டாது. வழி தெரிந்ததால் நானே ஓட்டினேன் என்பது “நோயிங் தி ரூட், ஐ டிரோவ்”. ஓட்டும்போதும் வழி தெரிந்துதானே இருந்தது? ஆனால் எவ்வளவு காலம் என்று சேர்த்தால் ஹேவிங் வந்துவிடும்: “ஹேவிங் நோன் ஹெர் ஃபார் இயர்ஸ், ஐ டிரஸ்ட்டட் ஹெர்.”

விளைவைச் சொல்லும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். விழுந்து கையை உடைத்துக்கொண்டான் என்பது “ஹி ஃபெல், பிரேக்கிங் ஹிஸ் ஆர்ம்”. இங்கே “ஹேவிங் பிரோக்கன் ஹிஸ் ஆர்ம்” என்று எழுதினால் கை முதலில் உடைந்தது, அப்புறம்தான் அவன் விழுந்தான் என்று ஆகும். வாக்கியத்தில் பின்னால் வந்தாலும் ஹேவிங் சொல்வது முன்னால் நடந்ததைத்தான்.

மூன்றாவது படி: யார்?

எனக்குப் பென்சில் குறிப்பு வாங்கிக் கொடுத்தது இந்தப் படிதான். சோதனை சின்னது. கமாவுக்குப் பின் வரும் எழுவாயின் மேல் விரலை வையுங்கள். ஹேவிங் பகுதியில் இருக்கும் வேலையை இவர்தான் செய்தாரா என்று கேளுங்கள். ‘ஆம்’ என்றால் தாண்டலாம். ‘இல்லை’ என்றால் அந்தப் பகுதி ஆளில்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது. ஆங்கிலத்திலும் அதற்குப் பெயர் டேங்க்லிங் மாடிஃபையர், தொங்கும் அடை.

இதைக் கேட்டதும் ‘தமிழில் இப்படியெல்லாம் பார்ப்பதில்லையே’ என்று தோன்றும். பார்த்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் வினைமுதலைக் கொண்டு முடியும் என்கிறது. வந்து போனான் என்றால் வந்தவனும் போனவனும் ஒருவனே. ஆங்கிலம் கேட்பதும் இதையேதான்.

வித்தியாசம் விதிவிலக்கில் இருக்கிறது. ‘சினைவினை சினையொடும் முதலொடும் செறியும்’ என்று நன்னூல் ஒரு சலுகை கொடுக்கிறது. ‘கால் இற்று வீழ்ந்தான்’ என்று சொல்லலாம். இற்றது கால், வீழ்ந்தது அவன். உறுப்பும் உடையவனும் ஒன்றுபோலக் கருதப்படுவதால் இது வழு இல்லை. ‘ஞாயிறு பட்டு வந்தான்’ என்பது உரையாசிரியர்கள் காட்டும் இன்னொரு உதாரணம். பட்டது சூரியன், வந்தது அவன். ‘பட’ என்பது ‘பட்டு’ என்று திரிந்து நின்றதாக அதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். இன்றைய பேச்சில் இந்தச் சலுகை இன்னும் தாராளம். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பதை யாரும் திருத்தப்போவதில்லை.

ஆங்கிலம் இந்தச் சலுகைகளைத் தருவதில்லை. ஆட்டத்தில் தோற்று அவன் முகம் வாடியது என்று நாம் இயல்பாகச் சொல்வோம். அதையே “ஹேவிங் லாஸ்ட் தி மேட்ச், ஹிஸ் ஃபேஸ் ஃபெல்” என்று எழுதினால் முகம் போய் ஆட்டம் ஆடித் தோற்றதாகிவிடும். “ஹேவிங் ஹேர்ட் தி நியூஸ், டியர்ஸ் கேம் டு ஹெர் ஐஸ்” என்பதில் செய்தியைக் கேட்டது கண்ணீர். முகம், கண், மனம், கோபம், கண்ணீர் ஆகியவை கமாவுக்குப் பின் எழுவாயாக வந்தாலே ஒரு முறை நின்று பாருங்கள்.

இதைவிட அதிகமாக நடக்கும் தப்பு, கமாவுக்குப் பின் செயப்பாட்டு வினை வருவது. “ஹேவிங் செக்ட் தி ஃபிகர்ஸ், தி ரிப்போர்ட் வாஸ் சென்ட்.” எண்களைச் சரிபார்த்தது ரிப்போர்ட்டா? ஆய்வுக் கட்டுரையிலும் அலுவலகக் கடிதத்திலும் ‘நான்’, ‘நாங்கள்’ என்று எழுதக் கூச்சப்படுகிறோம். செய்தவரை மறைத்துவிட்டு, செய்த வேலையை மட்டும் ஹேவிங்கில் தொங்கவிடுகிறோம். ‘இட் வாஸ்’, ‘தேர் வாஸ்’ என்று கமாவுக்குப் பின் தொடங்குவதும் இதே ரகம்: “ஹேவிங் லிவ்ட் தேர் ஃபார் டென் இயர்ஸ், இட் வாஸ் ஹார்ட் டு லீவ்.” பத்து வருஷம் வாழ்ந்த ஆளையே வாக்கியத்தில் காணோம். “ஐ ஃபவுண்ட் இட் ஹார்ட் டு லீவ்” என்றால் ஆள் வந்துவிடுவார்.

திருத்துவதற்கு மூன்று வழி உண்டு. என் சர்வர் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் வழி, கமாவுக்குப் பின் சரியான எழுவாயை வைப்பது: “ஹேவிங் க்ராஷ்ட் ட்வைஸ், தி சர்வர் வாஸ் ரீஸ்டார்ட்டட் பை தி எஞ்சினியர்.” விதிப்படி சரி, ஆனால் கடைசியில் கொஞ்சம் இழுக்கிறது. இரண்டாவது வழி, ஹேவிங்கைக் கலைத்துவிட்டு அந்தப் பகுதிக்குச் சொந்த எழுவாயும் வினையும் கொடுப்பது: “ஆஃப்டர் தி சர்வர் க்ராஷ்ட் ட்வைஸ், தி எஞ்சினியர் ரீஸ்டார்ட்டட் இட்.” நான் பத்தில் எட்டு முறை இதைத்தான் செய்கிறேன்.

மூன்றாவது வழியில் ஹேவிங்குக்கு முன்னாலேயே அதன் எழுவாயை நிறுத்திவிட வேண்டும்: “தி சர்வர் ஹேவிங் க்ராஷ்ட் ட்வைஸ், தி எஞ்சினியர் ரீஸ்டார்ட்டட் இட்.” இதை அப்சல்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்பார்கள். ஞாயிறு பட்டு வந்தான் என்பதற்குச் சரியான ஆங்கிலமும் இதுதான்: “தி சன் ஹேவிங் செட், ஹி கேம்.” இலக்கண சுத்தமானது, ஆனால் கோட்டும் சூட்டும் போட்ட நடை. நண்பருக்கு அனுப்பும் மெசேஜில் இதை எழுதினால் சிரிப்பார்.

சரி, ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். “ஹேவிங் செட் தட், தி பிளான் ஹேஸ் சம் மெரிட்” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அப்படிச் சொன்னது பிளான் இல்லைதான். ஆனால் ‘ஹேவிங் செட் தட்’ என்பது ‘இருந்தாலும்’ என்ற பொருளில் உறைந்துபோன தொடராகிவிட்டது, அதனால் பெரும்பாலோர் கண்டுகொள்வதில்லை. கறாரானவர்களுக்கு எழுதினால் ‘தட் செட்’ என்று சுருக்கிவிடலாம்.

நான்காவது படி: எங்கே வைப்பது

வாக்கியத்தின் தலையில் வைத்தால் பின்னால் ஒரு கமா. நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் கமா: “தி மேனேஜர், ஹேவிங் ரெட் தி லெட்டர், கால்ட் எ மீட்டிங்.” கடைசியில் வைத்தால் முன்னால் கமா: “ஷி ரிசைன்ட், ஹேவிங் ஃபவுண்ட் எ பெட்டர் ஜாப்.” கடைசியில் வரும்போது பெரும்பாலும் காரணம் சொல்லும் தொனி இருக்கும்.

கமா இருக்கும் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்தால் “ஹேவிங் ஃபினிஷ்ட் தி வொர்க்.” என்ற அரைகுறை ஒன்று அநாதையாக நிற்கும். கமாவோடு ‘அண்ட்’ சேர்ப்பதும் கூடாது. ‘வேலையை முடித்துவிட்டு மற்றும் போனேன்’ என்று தமிழில் யாராவது சொல்வார்களா?

பெயரெச்சம் வர வேண்டிய இடத்தில் ஹேவிங் போடுவதுதான் நம்மவர்களுக்கே உரிய பிழை என்று நினைக்கிறேன். ‘இந்தக் கடிதத்தை எழுதிய ஆள் வெளியே நிற்கிறார்’ என்பதை “தி மேன் ஹேவிங் ரிட்டன் திஸ் லெட்டர் இஸ் அவுட்சைட்” என்று எழுதக்கூடாது. எந்த ஆள் என்று அடையாளம் காட்டும் வேலையை ஹேவிங் செய்யாது. அதற்கு ‘ஹூ’ இருக்கிறது: “தி மேன் ஹூ ரோட் திஸ் லெட்டர்.” மேலே மேனேஜர் வாக்கியத்தில் எந்த மேனேஜர் என்று ஏற்கெனவே தெரியும். கமாவுக்குள் இருப்பது கூடுதல் செய்தி மட்டுமே, அதனால் அது சரி.

ஐந்தாவது படி: அளவு

‘எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.’ நான்கு எச்சம், ஒரு முற்று. தமிழில் இது ரயில் பெட்டி மாதிரி அழகாக ஓடும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஹேவிங் மாட்டினால் படிப்பவருக்கு மூச்சு முட்டும். அங்கே எல்லாவற்றையும் முற்றாக்கி, கடைசியில் ஒரு அண்ட் போட்டால் போதும்: “ஐ காட் அப், பேத்ட், ஏட், பிக்ட் அப் மை பேக் அண்ட் லெஃப்ட்.” முந்தைய இரண்டை மட்டும் தள்ளி நிறுத்த வேண்டுமென்றால் ஒரு ஹேவிங் இரண்டையும் தாங்கும்: “ஹேவிங் பேத்ட் அண்ட் ஈட்டன், ஐ லெஃப்ட்.” இரண்டாவது சொல்லும் மூன்றாவது வடிவம்தான், ‘ஏட்’ அல்ல.

‘ஆஃப்டர் ஹேவிங் ஃபினிஷ்ட்’ என்பது பிழை இல்லை, ஆனால் ‘முடித்துவிட்டதற்குப் பிறகு’ என்பது போல இரட்டைப் பூட்டு. ‘ஆஃப்டர் ஃபினிஷிங்’ அல்லது ‘ஹேவிங் ஃபினிஷ்ட்’, ஏதாவது ஒன்று போதும். ‘ஹேவிங் பீன் ரிட்டன் இன் எ ஹரி, தி லெட்டர் வாஸ் ஃபுல் ஆஃப் மிஸ்டேக்ஸ்’ போன்றவற்றில் ‘ஹேவிங் பீன்’ இரண்டையும் தூக்கிவிட்டு ‘ரிட்டன் இன் எ ஹரி’ என்று தொடங்கினாலே பொருள் நிற்கும்.

ஒரு மெயிலைத் திருத்திப் பார்ப்போம்

இது நானே ஜோடித்த மெயில். ஆனால் இதில் இருக்கும் ஒவ்வொரு தப்பையும் நான் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன்.

“ஹேவிங் ரிசீவ்ட் யுவர் மெயில் யெஸ்டர்டே, தி ஃபைல்ஸ் வேர் செக்ட். ஆஃப்டர் ஹேவிங் செக்ட் தி ஃபைல்ஸ் அண்ட் வி ஃபவுண்ட் டூ எர்ரர்ஸ். தி கிளர்க் ஹேவிங் ப்ரிப்பேர்ட் தெம் இஸ் ஆன் லீவ். ஹேவிங் நாட் ஸ்போக்கன் டு ஹிம், தி ரீசன் இஸ் நாட் நோன்.”

முதல் வாக்கியத்தில் விரலை வைத்தால் ‘தி ஃபைல்ஸ்’ சிக்கும். மெயிலைப் பெற்றது ஃபைல்கள் அல்ல, நாங்கள். மெயில் கிடைத்ததை ஒரு தனி வாக்கியமாகச் சொல்லிவிடலாம், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

இரண்டாவதில் ஆஃப்டரும் அண்டும் கண்ணை உறுத்துகின்றன. அவற்றை எடுத்துவிட்டு “ஹேவிங் செக்ட் தி ஃபைல்ஸ், வி ஃபவுண்ட் டூ எர்ரர்ஸ்” என்று விட்டால் எழுவாய் பொருந்துகிறது. ஆனால் காலம்? பிழைகளைக் கண்டது சரிபார்த்து முடித்த பிறகா, பார்க்கும்போதா? பார்க்கும்போதுதானே. அதனால் ‘வென் வி செக்ட் தி ஃபைல்ஸ்’.

மூன்றாவது பெயரெச்சப் பிழை, ‘ஹூ’ போட்டால் தீர்ந்தது. நான்காவதில் ‘நாட்’ முன்னால் போக வேண்டும். அவரிடம் பேசாதது ‘தி ரீசன்’ அல்ல என்பதால் எழுவாயும் மாற வேண்டும். இங்கே ஹேவிங் இருக்கட்டும். இன்னும் பேசவில்லை, அதனால் தெரியவில்லை என்ற காரணத்தை அது சுருக்கமாகச் சொல்கிறது.

“வி ரிசீவ்ட் யுவர் மெயில் யெஸ்டர்டே. வென் வி செக்ட் தி ஃபைல்ஸ், வி ஃபவுண்ட் டூ எர்ரர்ஸ். தி கிளர்க் ஹூ ப்ரிப்பேர்ட் தெம் இஸ் ஆன் லீவ். நாட் ஹேவிங் ஸ்போக்கன் டு ஹிம், வி டு நாட் நோ தி ரீசன்.”

நான்கு ஹேவிங் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.